நான்கு வருடம் அழைக்காத எண்

சென்ற ஆண்டு என் மகள் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த சமயம் நடந்தது இது. நாங்கள் தென்காசிப் பக்கத்துக்காரர்கள். கணவர் இறந்ததும் ஆறு வயது மகளோடு திருப்பூருக்குப் பிழைக்க வந்தேன். அன்றிலிருந்து பனியன் கம்பெனியில் டெய்லர் வேலை, லைன் வீட்டில் குடியிருப்பு.

மகள் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். கோவையில் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்தது. ஆனால் உதவித்தொகை வந்தால்தான் சேர முடியும். வராவிட்டால் என்னோடு கம்பெனி வேனில் வேலைக்கு வருவதாக அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

விண்ணப்பத்தைக் கடைசி நாள்வரை இழுத்தடித்தது நான்தான். ஷிப்மென்ட் நேரம், லீவு கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி நாளன்று அரை நாள் லீவு கேட்டு வாங்கி, மகளைக் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். மாலை ஐந்து மணியோடு இணையதளத்தை மூடிவிடுவார்கள்.

அங்கிருந்தவர் மகளின் ஆதார் எண்ணை அடித்துவிட்டு, "உங்க போனுக்கு ஓடிபி வருங்க, பாத்துச் சொல்லுங்க" என்றார். என் போனில் எதுவும் வரவில்லை. ஓடிபி எந்த எண்ணுக்குப் போயிருக்கிறது என்று திரையைப் பார்த்தால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. யாருடைய எண் என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. எனக்குப் பகீரென்றது.

இந்த ஊருக்கு வந்த புதிதில் என்னிடம் போன் கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண்தான் எங்களை ஆதார் எடுக்கக் கூட்டிப்போய், மகளுக்குத் தன் எண்ணையே கொடுத்தார். அப்போது எங்கள் லைனில் நாலு வீட்டுக்கும் அந்த ஒரு போன்தான். பின்னாளில் எல்லாவற்றுக்கும் ஓடிபி கேட்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

அவரோடு நான் பேசி நான்கு வருடமாகியிருந்தது. என் கம்பெனியிலேயே அவர், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்தார். ஒருநாள் நான் தைத்த ஒரு கட்டு முழுவதையும் பிரித்துத் தைக்கச் சொல்லி எல்லோர் முன்னாலும் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். தையல் விட்டிருந்தது எனக்கும் தெரிந்தது. ஆனாலும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தைக்கத் தெரியாதவளெல்லாம் குறை சொல்ல வந்துவிட்டாள் என்று கண்டபடி கத்தினேன். அவர் திரும்பித் தன் மேஜைக்குப் போய்விட்டார். சில மாதங்களில் வீட்டையும் மாற்றிக்கொண்டு, அருள்புரத்தில் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அவர் எண்ணை என் போனிலிருந்து அழித்தேன். மனப்பாடமாக இருந்ததை அழிக்க முடியவில்லை.

நான்கைந்து முறை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போனை கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மணி இரண்டரை. மகளை அங்கேயே உட்காரவைத்துவிட்டு அருள்புரத்துக்கு டவுன் பஸ் பிடித்தேன். எந்த முகத்தோடு போய் நிற்பது என்று வழியெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவருடைய கம்பெனி கேட்டில் சொல்லி அனுப்பினேன். தலையெல்லாம் பஞ்சுத் துணுக்கோடு ஓடிவந்தார்.

"ஏனுங்க்கா, பாப்பாவுக்கு என்னாச்சுங்க?"

என்னைக் கண்டதும் பழைய சண்டை நினைவுக்கு வரும் என்று நினைத்தேன். அவருக்கு என் மகள்தான் நினைவுக்கு வந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா, ஒன் போனுக்கு ஒரு நம்பர் வரும்" என்று ஆரம்பித்து எப்படியோ சொல்லி முடித்தேன். ஓடிபியைப் போனில் சொன்னால் போதும் என்றுதான் கேட்டேன். "அது மறுக்கா மறுக்கா கேக்குமுங்க்கா, நானே வர்றனுங்க" என்று உள்ளே போய்ப் பர்மிஷன் வாங்கி வந்து, ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டார்.

ஓடிபி வந்தது, விண்ணப்பமும் நிரம்பியது. மணி நாலரை. சப்மிட் கொடுக்கப் போன சென்டர்காரரை அவர், "இருங்க தம்பி, ஒருக்கா மொதல்ல இருந்து பாத்துக்கலாம்" என்று நிறுத்தினார். எனக்கோ பொறுமையில்லை. இங்கே வந்தும் செக்கிங்கா என்று பழைய கோபம் எட்டிப்பார்த்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

திரையில் விரல் வைத்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், மதிப்பெண் சான்றிதழில் நின்றார். "கண்ணு, இது பிளஸ் ஒன்னு மார்க் ஷீட்டாட்டம் இருக்குதே?"

ஆமாம். இரண்டும் ஒரே ஃபைலில் இருந்தன. அவசரத்தில் மகள் பிளஸ் ஒன் தாளை ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறாள். காலையில் சேர்க்கைக்காகக் கல்லூரிக்கு மின்னஞ்சலில் அனுப்பியதும் அதே தாள்தான். சரியான தாளை ஏற்றி, கல்லூரிக்கும் மறுபடி அனுப்பி, இன்னொரு ஓடிபி வாங்கிச் சப்மிட் கொடுத்தபோது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.

வெளியே பேக்கரியில் டீ வாங்கிக்கொண்டு நின்றோம். அன்றைக்கு அப்படிப் பேசியது தப்பு என்று ஒருவழியாகச் சொன்னேன். அவர் மழுப்பவில்லை. "ரொம்ப நாள் வலிச்சதுங்க்கா. இல்லீன்னு சொல்லமாட்டேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "பாப்பா காலேஜு போறப்ப எனக்கும் சொல்லுங்க, பஸ் ஏத்திவுட வர்றேன்" என்றார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவர் அழைத்தார். உதவித்தொகை கிடைத்த செய்தி அவர் போனுக்குத்தான் வந்திருந்தது. பெற்றவள் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது.

மகள் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆதாரில் எண்ணை மாற்றிவிடலாம் என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்கிறாள். பார்க்கலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். சொந்தபந்தம் இல்லாத ஊரில், எனக்கு ஏதாவது ஆனால் இவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று பல வருடம் பயந்துகொண்டே கிடந்தவள் நான். அந்தப் பயம் இப்போது எனக்கு இல்லை.