நானூற்றுப் பன்னிரண்டு அடி

எங்கள் கடையிலிருந்து நாலாவது கிராஸ் தெருவில் இருக்கும் கால்பந்து ரெஃப்ரீ வீட்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு அடி. மழை நாளில் சாக்கடை மூடியைச் சுற்றிப் போனால் நானூற்று இருபது. பல தடவை எண்ணியிருக்கிறேன். எண்ணுவது என் பழக்கம். என் மனைவி இருந்தவரை அதை வியாதி என்றாள். எண்ணிக்கை தெரிந்திருந்தும் அந்தச் சனிக்கிழமை அவ்வளவு தூரத்தை நான் நடக்கவில்லை. அதனால் வந்ததை எழுதுகிறேன்.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் முப்பத்தெட்டு வருடமாக அச்சுக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், சர்ச் விழா அழைப்பு, கால்பந்துப் போட்டிச் சுவரொட்டி என்று ஓடிய கடை. பாதிக்கு மேல் போன் தின்றுவிட்டது. இப்போது கல்யாண அழைப்பே ஆடிப் பாடும் படமாக வருகிறது. முகூர்த்த நேரத்தைக் கண் பிடிப்பதற்குள் அது மறைந்துவிடுகிறது. போன வாரம் ஒரு முகூர்த்தத்தைக் கண்டுபிடிக்க நாலு தடவை ஓடவிட்டேன். போன் இன்னும் தின்னாதது சாவு ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் கம்பத்தில் பேனர் கட்டியாக வேண்டும். நடுவில் முட்டை வடிவக் கட்டத்தில் படம், மேலே தமிழில் கண்ணீர் அஞ்சலி, கீழே அதையே கன்னடத்தில். ஃபிளெக்ஸைத் தடை செய்த பிறகு துணியில் அடிக்கிறோம்.

அதற்கு ஒரு விதி உண்டு. வீட்டு மனிதர் ஒருவர் நேரில் வர வேண்டும். மாதிரித் தாளைப் படித்து ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகுதான் மெஷின் ஓடும். சாவு வீட்டில் வயதையும் தேதியையும் ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள். பட்டுத் தெரிந்துகொண்டு வைத்த விதி அது. கையெழுத்துப் போட்ட தாள்கள் ஏழு ஃபைல்களில் இருக்கின்றன.

கம்ப்யூட்டரில் எழுத்துக் கோர்ப்பது ஒரு அம்மா. கோலார் தங்கவயல்காரர்; அவர் அப்பா சுரங்கத்தில் இருந்தவர். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, கன்டோன்மென்டில் இறங்கி, பஸ் பிடித்து, ஒன்பதே காலுக்குக் கடையில் நிற்பார். ஒன்பது வருடத்தில் தாமதமாக வந்தது பதினான்கு நாள்; அதில் பதினொன்று ரயிலின் குற்றம்.

அந்தச் சனிக்கிழமை காலை மைதானத்தில் ரெஃப்ரீ மயங்கி விழுந்தார். எழுபத்து நாலு வயதாகியும் விசிலை விடாத மனிதர். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பத்து மணிக்குள் என் போனில் அவர் படம் வந்தது, அடியில் ஒரு விளக்குச் சுடர் ஆடியபடி. அடுத்த வாட்ஸப் குழுவில் அதே படம். பிறகு எங்கள் வார்டு சேனலில் சோக இசையோடு. சேனல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை: ஒரு ஆள், ஒரு போன், பஞ்சு உறை போட்ட ஒரு மைக். பத்தே முக்காலுக்குக் கால்பந்து கிளப் செயலாளர் செய்தி அனுப்பினார். ஆறு பேனர் வேண்டும், ஒரு மணிக்குள் வேண்டும், வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கிறார்கள், தொந்தரவு செய்ய வேண்டாம்.

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். “வீட்லேர்ந்து யாரும் வரலையே சார்.”

“வருவாங்கம்மா. நீ ஆரம்பி.”

“நான் ஒரு நடை போய்ப் பாத்துட்டு வரட்டா? பக்கம்தானே.”

“அழற வீட்டு வாசல்ல போய் நின்னு, செத்துட்டாரான்னு கேப்பியா? பதினோரு எடத்துல வந்திருக்கு. எண்ணிட்டேன்.”

“பதினொண்ணும் ஒரே போட்டோ சார்.”

அவ்வளவுதான் சொன்னார். நான் மெஷினைப் போட்டேன். பன்னிரண்டு நாற்பதுக்கு ஆறும் தயார். கிளப் ஆட்கள் வந்து வாங்கிப் போய்க் கட்டினார்கள்.

இரண்டு மணிக்கு ரெஃப்ரீ வந்தார். ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருந்ததாம். குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவை விட்டு இறங்கிய இடத்தில் தலைக்கு மேல் அவருடைய பேனரே தொங்கியிருக்கிறது. நேராகக் கடைக்கு வந்துவிட்டார்.

“ஏன்யா, எனக்கு இன்னும் எக்ஸ்ட்ரா டைமே ஆரம்பிக்கல. அதுக்குள்ள நீ எப்படிய்யா கடைசி விசில் ஊதுன?”

நான் எழுந்து நின்றேன்.

“அதுவும் இன்னா போட்டோ இது? மீசைக்கு டை அடிக்காத போட்டோ! செத்தவனுக்கு ஒரு மரியாத வேணாவா?”

அவர் சிரித்தார். பின்னால் நின்ற அவர் மனைவி சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தபோது ஆம்பூரிலிருந்து நாத்தனார் பேனர் படத்தைப் பார்த்துவிட்டுப் போன் போட்டு ஒப்பாரி வைத்திருக்கிறாள். உள்ளே இருக்கும் புருஷன் செத்துவிட்டான் என்று நினைத்து இவர் வார்டுக்குள் ஓடியிருக்கிறார். “இத்தினி பக்கத்துல இருந்துகிட்டு ஒரு வார்த்த கேக்க முடியலியாண்ணா உங்களால?” என்றார்.

நாலு மணிக்குச் சேனல்காரன் மைக்கோடு வந்தான். உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலி, அச்சுக் கடையின் அலட்சியம் என்று தலைப்பு ஏற்கனவே தயார்.

“நீயும்தானேப்பா காலைல போட்ட?” என்றேன்.

“அத டெலீட் பண்ணிட்டேன் அங்கிள். துணிய டெலீட் பண்ண முடியாதுல்ல? ஸ்வல்ப இந்தப் பக்கம் பாருங்க. டைப் பண்ணது யாரு, அவங்களா?”

தவறு என்னுடையது, அவர் விசாரிக்கச் சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்று மைக்குக்குள் இரண்டு தடவை தெளிவாகச் சொன்னேன். சாயங்காலம் வந்த படம் நாற்பத்தெட்டு விநாடி. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நான் இரண்டு விநாடி, வாயைத் திறந்தபடி, சத்தமில்லாமல். கையால் முகத்தை மறைக்கும் அந்த அம்மா முப்பத்தொரு விநாடி.

திங்கட்கிழமை அவர் வந்ததும் என்னைப் பார்க்காமலே சொன்னார். ரயில் பெட்டியில் ஒருத்தி போனைக் காட்டி, “ஆளு உசுரோட இருக்கும்போதே அஞ்சலி போட்ட அக்கா நீங்கதானே?” என்றாளாம். பெட்டியே சிரித்ததாம். மாலூர் ஸ்டேஷனிலிருந்து துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வந்திருக்கிறார்.

அன்று மாலை என் மகன் வந்தான். தொம்மலூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் அவனுக்கு வேலை. கம்பெனிகளின் நல்ல பெயரை இணையத்தில் காப்பாற்றிக் கொடுப்பது. எங்கள் கடையின் பக்கத்தையும் அவன்தான் பார்க்கிறான். மெஷினும் அவன் பேரில் இருக்கிறது. போனை நீட்டினான். முப்பத்தேழு பேர் எங்களுக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். முப்பத்தேழு பேரில் ஒருவர்கூட என் கடை வாசலை மிதித்தவர் இல்லை. ஒருவர் பூனாவில் இருக்கிறார்.

அவன் ஒரு அறிக்கையும் எழுதி வைத்திருந்தான். ‘சம்பந்தப்பட்ட ஊழியர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.’

“ஜனங்களுக்கு ஒரு ஆக்‌ஷன் காட்டணும்ப்பா. ரெண்டு மொழியும் இப்ப சாஃப்ட்வேரே பண்ணிடுது. அந்தம்மா எதுக்கு?”

“சாஃப்ட்வேர் ‘வீட்லேர்ந்து யாரும் வரலையே’ன்னு கேக்குமாடா?”

“சென்டிமென்ட் பேசாதீங்க. நாளைக்கு சாயங்காலம் போட்றேன்.”

ஒரு மனிதன் செத்தானா என்று பார்க்காமல் விளக்கேற்றுகிறார்கள். பிழைத்து வந்தால் விளக்கை அழித்துவிட்டுப் பழி போட ஆள் தேடுகிறார்கள். அதற்கு இசை வேறு. பழி போட்டவனைத் திருப்திப்படுத்த வேலை செய்பவரைப் பலி கொடுப்பதற்கு என் மகனுக்கு மாதச் சம்பளம். இவர்களையெல்லாம் பார்த்து முகம் சுளிக்க எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? எண்ணுகிறவன் என்று பெருமைப்பட்டவன் நான். ஒரே பொய்யைப் பதினொரு தடவை எண்ணிவிட்டு, பதினொரு சாட்சி இருக்கிறது என்றேன்.

மறுநாள் காலை ஒரு தாளில் எழுதி அந்த அம்மாவிடம் கொடுத்தேன். ‘மன்னிப்புக் கேட்கிறேன். நாலாவது கிராஸ் ரெஃப்ரீ நலமாக இருக்கிறார். தவறு முழுவதும் கடை முதலாளியுடையது. எழுத்துக் கோர்த்தவர் விசாரிக்கச் சொன்னார். முதலாளி கேட்கவில்லை.’

படித்துவிட்டுத் தாளை மேஜையில் வைத்தார். “என்னப் பத்தி வேணாம் சார். இன்னொரு வாட்டி நாலு பேரு என்னப் பாக்க வேணாம்.”

“பேரு போடலம்மா. அந்த வரி இல்லன்னா நான் கட்டறதுக்கே அர்த்தமில்ல.”

தாளை மறுபடி எடுத்து அடித்தார். வழக்கமான பேனர் அளவு, வழக்கமான அமைப்பு. “நடுவுல கட்டம் காலியா நிக்குது சார்.”

“என் படத்தப் போடு. யாரத் திட்டணும்னு தெரியட்டும்.”

விதி விதிதான். மாதிரித் தாளை எடுத்துக்கொண்டு நானூற்றுப் பன்னிரண்டு அடி நடந்தேன். ரெஃப்ரீ மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் படித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். “உன் ஃபைல்ல சம்பந்தப்பட்ட பார்ட்டியே போட்ட மொதல் கையெழுத்து இதுதான்யா.” அவர் மனைவி இரண்டு தடவை படித்தார். “சரி, கட்டுங்க” என்றார்.

பதினொன்றரைக்கு முச்சந்தியில், ரெஃப்ரீயின் பேனர் தொங்கிய அதே கம்பத்தில் கட்டினேன். எதிர் டீக்கடையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். நிமிர்ந்து பார்த்தவர்கள் அறுபத்து மூன்று பேர். போனில் படம் எடுத்தவர்கள் பத்தொன்பது. படித்து முடிக்கும் அளவுக்கு நின்றவர்கள் நாலு பேர்.

கடைக்குத் திரும்பிச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். டிராயருக்குள் என் போன் வண்டு மாதிரி அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தால் என் படம். பேனரிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, அடியில் விளக்கேற்றியிருந்தார்கள். அதே சுடர். போனை உள்ளே போட்டு மூடினேன். உடனே கடை போன் அடித்தது. அந்த அம்மா எடுத்தார். மறுமுனையில் என் மகன் கத்துவது எனக்கே கேட்டது.

“இல்ல சார், இருக்காரு... எதிர்லதான், தயிர் சோறு சாப்ட்றாரு... யாரோ சொன்னதில்ல சார், நான் கண்ணால பாத்துட்டுதான் சொல்றேன்.”

இருபத்தைந்து நிமிடத்தில் மகன் வந்து நின்றான். என்னைப் பார்த்தான்; தோளைத் தொட்டுப் பார்த்தான். பிறகு அந்த அம்மாவிடம் “தேங்க்ஸ்ம்மா” என்றான். அன்று மாலை அறிக்கையைப் போடவில்லை. அதன் பிறகும் போடவில்லை. திருந்திவிட்டான் என்று சொல்லமாட்டேன். அப்பா செத்ததாகச் செய்தி ஊரெல்லாம் ஓடும்போது ஊழியரை நீக்கினோம் என்று போட்டால் நன்றாக இராது என்று கணக்குப் போட்டிருப்பான். எப்படியோ, மறுநாள் ஒன்பதே காலுக்கு அந்த அம்மா கடையில் இருந்தார். அவருடைய முப்பத்தொரு விநாடி இன்னும் எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மாலூர் வந்ததும் துப்பட்டா மேலே ஏறுவதும் நிற்கவில்லை.

எனக்கு வந்த இரங்கல் செய்திகள் நூற்று நாற்பத்தாறு. செத்தேனா இருக்கிறேனா என்று மகனைத் தவிர நேரில் பார்க்க வந்தவர் ஒரே ஒருவர். ரெஃப்ரீ எங்கள் கடை வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். “மஞ்ச கார்டுதான்யா, செவப்பு இல்ல. ஒழுங்கா ஆடு” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.