அப்பாயிக்குக் கொண்டுபோன வெற்றிலை

காலை எட்டே காலுக்குக் கொழும்பு புறக்கோட்டையில் கண்டி பஸ்ஸில் ஏறினேன். கேகாலைக்கு டிக்கட் முப்பத்தெட்டு ரூபா. ஒன்றரை ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்த என்னிடம் ஒரு டிக்கட்டுக்கு மட்டும் காசு வாங்கிய கண்டக்டர் நல்ல மனிதர். 2003ஆம் ஆண்டு, சண்டை நின்றிருந்த காலம். முந்தைய லீவில் இதே பாதையில் சோதனைச் சாவடிகளுக்காக அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடியே போனேன். இந்த முறை அதே கையில் ஒரு வெற்றிலைக் கட்டு.

எனக்கு டோஹாவில் ஒரு டயர் கிடங்கில் ஸ்டோர் கீப்பர் வேலை. என் அப்பாயி வீராயி, கேகாலைப் பக்கத்து றப்பர்த் தோட்டமொன்றில் வாழ்நாளெல்லாம் பால் வெட்டியவள். அவள் வெட்டிய பால் கப்பலேறி, எந்த நாட்டிலோ டயராகி, கடைசியில் பேரன் எண்ணி அடுக்கட்டும் என்று டோஹாவுக்கே வந்து சேர்ந்திருக்கும் என நினைத்துக்கொள்வேன். காலையில் கிடங்கைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் றப்பர் வாடையில் அவள் ஞாபகம் வரும். உண்மையில் அவள் சேலையில் வீசியது புளித்த பால் வாடை. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் பாலைவனத்தில் கிடைக்கிற வாடையை வைத்துத்தானே அழ முடியும்.

அவள் போன வருடம் போய்விட்டாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. இப்போது கிடைத்த லீவும் எம்பிலிப்பிட்டியவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் தம்பி வீட்டு விருந்திலேயே கரைந்துவிட்டது. நாளை விடியற்காலை விமானம். அப்பாயியை மண்ணுக்குள் வைத்த இடத்தில் ஒரு தடவை நின்று, அவளுக்குப் பிடித்ததைப் படைத்துக் கும்பிட இன்று ஒரு நாள்தான் மிச்சம்.

தோட்டத்து மயானத்தில் கல்லறை, பெயர்ப்பலகை எல்லாம் கிடையாது. மண்ணைக் குவித்துத் தலைமாட்டில் ஒரு செடி நடுவார்கள். அதுதான் அடையாளம். "தேடவே வேணாம் அண்ணே, நானே செவப்பு குரோட்டன் ஒன்னு நட்டேன். தூரத்துலயே தெரியும்" என்று தம்பி சொல்லி அனுப்பியிருந்தான்.

பத்து மணிக்கு வரக்காப்பொல. பஸ் நின்றதும் இறங்கி எள்ளுருண்டை ஒரு பாக்கெட் வாங்கினேன். கொழும்புக்குப் போய்வரும் யாரும் இதை வாங்காமல் வந்தால் அப்பாயி பேசமாட்டாள். வாங்கி வந்தால் பேச்சை நிறுத்தமாட்டாள். அவள் பேச்சில் பாதி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் இருந்த மூக்காயியைப் பற்றித்தான். லயத்துக்கே பொதுவான தண்ணீர்ப் பீலியில் யார் வாளி முந்தி என்று விடியும் முன்பே இருவருக்கும் தொடங்கிவிடும். மலைக்குப் போகும் வழியிலும், பால் வெட்டும் நிரையிலும், நிறுக்கும் இடத்திலும் அது தொடரும். இருபது மரம் தள்ளி நின்று வெட்டிக்கொண்டே அப்பாயி சொல்லால் அடிப்பாள், கத்தி மட்டும் பட்டையில் ஒரு நூல் பிசகாது. அப்படியொரு கையையும் அப்படியொரு வாயையும் ஒரே உடம்பில் நான் பிறகு பார்த்ததில்லை. கை எனக்கு வரவில்லை. வாய் வந்திருக்கிறது. டோஹாவில் பக்கத்துக் கட்டில்காரன் பாஸ்கரன் என்ற மலையாளியோடு தினமும் குளியலறை வாசலில் எனக்குப் பீலிச் சண்டைதான். கத்தும்போது என் தொண்டையிலிருந்து அப்பாயி வருவாள்.

பத்தே முக்காலுக்குக் கேகாலை. அங்கிருந்து தோட்டம் பதினொரு கிலோமீட்டர். த்ரீவீலர்க்காரர் சுனில், காத்திருந்து திரும்பக் கொண்டுவர இருநூற்றைம்பது ரூபா கேட்டார். சிங்களத்தில் பேரம் பேசினேன். அவர் தமிழில் மறுத்தார். இருநூற்றைம்பதுக்கே ஏறினேன்.

"மாத்தயா தோட்டத்தில யாரைப் பாக்குறது?"

"ஆச்சிய. செத்துப் போயிட்டாங்க."

"அப்ப நானும் வந்து கும்புடுறது" என்றார் சுனில். கூலியைக் குறைக்காத மனிதர், இதை இலவசமாகச் சேர்த்துக்கொண்டார்.

பதினொன்றரைக்கு மயானம். றப்பர் மரங்கள் முடிந்து ஓடை தொடங்கும் சரிவு. தம்பி சொன்னது போலவே ஒரேயொரு சிவப்புக் குரோட்டன், ஆள் உயரத்துக்கு நின்றது. ஒரு வருடத்தில் இத்தனை வளர்த்தியா என்று மலைத்தேன். அப்பாயி தொட்டது எது வளராமல் இருந்திருக்கிறது? என் வயிறே சாட்சி. வெற்றிலைக் கட்டைப் பிரிக்காமல் அப்படியே வைத்தேன். பாக்கு, போயிலை, எள்ளுருண்டை முழுப் பாக்கெட், எல்லாவற்றையும் வைத்துச் சூடம் கொளுத்தி வாய்விட்டு அழுதேன். சுனில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்மூடி நின்றார். மூக்கை அவரும் ஒரு தடவை உறிஞ்சியதாக ஞாபகம்.

"யாருங்க அது, எங்கம்மாவுக்குச் சூடம் காட்டுறது?"

திரும்பினேன். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வெறும் வாளியோடு செல்வி அக்கா நின்றிருந்தார். மூக்காயியின் மகள்.

"அக்கா, நான் ராஜு. வீராயி பேரன்."

"அட, ராஜு தம்பியா! வயிறு முன்னாடியே வந்துருச்சு, ஆளு பின்னாடி வர்றீங்க. அது கெடக்கட்டும், எங்கம்மாவுக்கு எதுக்கு இம்புட்டு அழுக?"

"இது அப்பாயி இல்லையா?"

"உங்க அப்பாயி அந்தா, அங்கிட்டு. உங்க தம்பி நட்டுட்டுப் போன குரோட்டன ஆடு தின்னுருச்சு. குச்சிதான் நிக்குது."

"அனே! மாத்தயா வேற ஆச்சிக்கா அழுதது?" சுனில் றப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடல் தாண்டி வந்து, ஒரே நாளை வைத்துக்கொண்டு, அப்பாயியின் வெற்றிலையை அவள் ஜென்மப் பகைக்குப் படைத்திருக்கிறேன். கட்டை எடுக்கக் குனிந்தேன்.

"வச்சத எடுக்கக் கூடாது தம்பி!" அக்கா வாளியைக் குறுக்கே நீட்டினார். "எங்கம்மா வாங்குனத திருப்பிக் குடுத்து நீங்க எப்பவாச்சும் பாத்திருக்கீங்களா?"

"அக்கா, அப்பாயிக்கு வேற ஒன்னுமே கொண்டாரலியே. இங்க வச்சது தெரிஞ்சா என்னய விடுமா?"

அக்கா வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தக் குரோட்டன நட்டது யாருன்னு நெனச்சீங்க? உங்க அப்பாயிதான். எங்கம்மா செத்து மூனாம் நாளு கொண்டாந்து நட்டுச்சு. அப்பறம் வெள்ளிக்கெழமன்னா வெத்தில வச்சுட்டு ஒக்காந்து வையும். 'ஏன்டி மூக்காயி, நீ பாட்டுக்கு வந்து படுத்துக்கிட்டே. பீலியில நாந்தான் இப்ப மொத ஆளு. வாளி வச்சா ஒருத்தியும் வாயத் தொறக்குறாளுக இல்ல. இதெல்லாம் ஒரு பொழப்பா'ன்னு. நானே எத்தனையோ தடவ கேட்டிருக்கேன்."

சூடம் அணைந்தது.

பிறகு அக்காதான் எழுந்து, பால் வெட்டும் கத்தியால் குரோட்டனில் ஒரு கிளையைச் சாய்வாக வெட்டிக் கொடுத்தார். ஆடு தின்ற குச்சியைப் பிடுங்கிவிட்டு அதை அப்பாயியின் தலைமாட்டில் நட்டேன். சுனில் முள்ளுக்கிளை வெட்டி வந்து சுற்றிக் கட்டினார். படைக்க ஒன்றுமில்லாமல் நான் கையைப் பிசைவதைப் பார்த்து, அக்கா தன் போத்தலில் மிச்சமிருந்த பிளேன்டீயையும் காகிதத்தில் மடித்த சீனியையும் நீட்டினார். அப்பாயி டீயில் சீனி போடமாட்டாள். உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிப்பாள். மண்ணில் டீயை ஊற்றினேன். சீனியை என் உள்ளங்கையில் கொட்டி அவளுக்காக நானே நக்கினேன். டொக்டர் எனக்குச் சீனி தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அது அப்பாயிக்குத் தெரியாது.

"எங்கம்மாவுக்கும் ரெண்டு சொட்டு ஊத்துங்க. இல்லாட்டி அதுக்கு ஒரு சண்ட வரும்" என்றார் அக்கா.

போத்தலைக் கவிழ்த்து இரண்டு சொட்டு ஊற்றிவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பும் பஸ் மூன்றரைக்கு வரக்காப்பொலயில் நின்றது. நாளை இந்நேரம் நான் கிடங்கில் டயர் எண்ணிக்கொண்டிருப்பேன். நாளை மறுநாள் காலை குளியலறைக் கதவு உட்பக்கம் பூட்டியிருக்கும், நான் வெளியே நின்று கத்துவேன். இறங்கி அதே கடையில் இன்னொரு பாக்கெட் எள்ளுருண்டை கேட்டேன்.

கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "காலையில வாங்கினீங்கதானே? இது யாருக்கு?"

"ரூமில ஒருத்தன் இருக்கான்" என்றேன். "என்னோட சண்டைக்காரன்."