அம்பு ஸ்டிக்கர் ஒட்டிய படங்கள்

அப்பாவின் சட்டையில் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். பனியன் துணியில் பூவும் எழுத்தும் அச்சடிக்கிற பிரிண்டிங் பட்டறையில் சாயத்தோடு கலக்கும் பசையின் வாசமும், வரும் வழியில் அவர் குடித்த இஞ்சி டீயின் வாசமும் அதில் சேர்ந்திருக்கும். அவர் தெருமுனையில் சைக்கிளை விட்டு இறங்குவதற்கு முன்பே எனக்கு அந்த வாசம் வந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் நான் அளந்துவிட்டதுண்டு. அவருடைய நகக்கண்களில் எப்போதும் இரண்டு மூன்று நிறங்கள் தங்கியிருக்கும். அதைப் பார்த்தே அம்மா, "இன்னைக்கு மெரூனா?" என்று கேட்டுக்கொண்டு சோற்றைப் போடுவாள்.

இரண்டாயிரத்தைத் தாண்டிய அந்த முதல் சில ஆண்டுகளில் நாங்கள் திருப்பூர் நல்லூரில் ஒரு "லைன் வீட்டில்" குடியிருந்தோம். வரிசையாக ஆறு வீடு, ஆறுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி, எதிரே நிட்டிங் மெஷின் ஓடும் தகரக் கொட்டகை. மெஷின் சத்தத்துக்கு நாங்கள் பழகிப்போயிருந்தோம். அது நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும். அப்பா செல்லையாவுக்கும் அம்மா கனிக்கும் சொந்த ஊர் தெற்கே, சாத்தான்குளம் பக்கம். அங்கே கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த அப்பா, கல்யாணமான கையோடு இங்கே வந்து "கலர் மாஸ்டர்" ஆனார். வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் தபால்தலை அளவுத் துணித் துண்டைப் பார்த்து, அதே நிறத்தை வாளியில் கலக்கிக் காட்டுவது அவர் வேலை.

அம்மாவுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் "செக்கிங்". தைத்து வரும் சட்டையை டியூப்லைட்டுக்கு அடியில் மேசை மேல் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், நிறம் மாறிய இடம் என்று தேடி, கண்ட இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு விழுந்த "பீஸ்" தைத்தவரிடமே திரும்பிப் போகும். குறை இல்லாததன் மேல் வட்டமான பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்; அது "பாஸ்" ஆகிப் பெட்டிக்குள் போய், பெட்டி வண்டியேறிவிடும். அந்த அம்பு ஸ்டிக்கர்கள் அம்மாவின் முழங்கையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். என் வீட்டுப்பாட நோட்டில், தலைவகிடு கோணலாக இருந்தால் என் நெற்றியில், ஒருமுறை அடிப்பிடித்த சோற்றுப் பானையில்கூட அவற்றைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குப் பட்ட குறையைச் சொல்லாமல் விட அவளால் முடியாது. சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்பதுதான் அவளுக்குச் சங்கடம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா படம் போடுவார். மரச்சட்டத்தில் பனியன் துணியை இரண்டாக மடித்து ஆணியடித்து, பட்டறையில் மிஞ்சிய சாயத்தைப் பால்பவுடர் டப்பாக்களில் கொண்டுவந்து அதன் மேல் பூசுவார். பனியன் துணி இழுத்த பக்கமெல்லாம் போகும், நடுவில் தொய்யும். கான்வாஸ் வாங்கலாமே என்று யாராவது சொன்னால், "நம்ம துணி தொங்கத்தான் செய்யும், தொங்கட்டும்" என்பார். கொடியில் தலைகீழாகக் காயும் கை இல்லாத சட்டைகள், சாயத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் மேல் விழும் பத்து மணி வெயில், மேசை முன்னால் வரிசையாக நிற்கும் பெண்கள் என்று இவற்றையே திரும்பத் திரும்ப வரைந்தார். அந்தப் பெண்களுக்கு முகம் மட்டும் கிடையாது. இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு பூச்சு, அவ்வளவுதான். வீட்டுச் சொந்தக்காரரான பாப்பாத்தி அக்கா தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வரும்போதெல்லாம் படத்தின் முன்னால் சற்று நின்று, "ஏனுங்கண்ணா, எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. மூக்கு முழியும் வெச்சுட்டீங்கன்னா ஊட்டுல ஒண்ணு மாட்டிக்கலாமுங்க" என்பார். "வச்சிருவோம்க்கா" என்று அப்பா தலையாட்டுவார். வைத்ததில்லை.

அம்மா அந்தப் படங்களைப் பார்த்து நான் பார்த்ததேயில்லை. பெருக்கும்போது நகர்த்தி வைப்பாள், மழைச் சாரல் அடித்தால் உள்ளே தூக்கிப் போடுவாள். "எப்படி இருக்கு கனி?" என்று அப்பா கேட்டால், "இருக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு அரிசி களையப் போய்விடுவாள். அப்பாவுக்காக அவள் மேல் எனக்குக் கோபம் வரும். படம் நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயில் இருக்கும் முத்து உதிர்ந்துவிடுமா என்று நினைத்துக்கொள்வேன்.

கோயம்புத்தூரில் ஆண்டுக்கொருமுறை புதிய ஓவியர்களுக்காக ஒரு கண்காட்சி நடக்கும். படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்கள் பார்த்துப் பொறுக்கி எடுப்பார்கள். அப்பா இரண்டு முறை கொடுத்தார், இரண்டு முறையும் திரும்பி வந்தது. நான் ஐந்தாம் வகுப்புப் படித்த ஆண்டில், நாலு மாத ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து, பாதிக் கதவு அளவுக்கு ஒரு பெரிய படம் போட்டார். செக்கிங் மேசை, அதன் மேல் வெள்ளைச் சட்டைக் குவியல், முன்னால் முகமில்லாத நாலு பெண்கள். அதை முடித்த அன்று தொட்டியடியில் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே என்னிடம், "இதுவும் திரும்பி வந்துச்சுன்னா விட்ருவேன் மக்கா. பட்டறையில கலக்குற கலரே போதும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அப்பா எதையும் இரண்டாம் தடவை சொல்லுகிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை படம் போடாத அப்பாவை எனக்குத் தெரியவே தெரியாது.

படத்தைக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் கோவையில் இருக்க வேண்டும். பட்டறையில் அவசரமாக ஒரு சாம்பிள் நிறம் கலக்க வேண்டியிருந்ததால் அப்பா காலையில் கிளம்பும்போது, "ஒரு மணிக்கு வந்து எடுத்துக்கிடுதேன், அட்டையில சுத்திக் கட்டி மட்டும் வச்சிரு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் கம்பெனி இருந்த பகுதியில் மட்டும் அன்று மின்தடை, அதனால் அவளுக்கு விடுமுறை. அவள் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்தாள், சணலை எடுத்து வைத்தாள், பிறகு படத்தைத் தூக்கி வந்து கட்டில் மேல் டியூப்லைட்டுக்கு நேர் கீழே கிடத்தினாள். செக்கிங் முடியாத பீஸ் பெட்டிக்குள் போகக் கூடாது என்பது அவளுக்கு எட்டு வருடப் பழக்கம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேல் இடது மூலையிலிருந்து ஆரம்பித்தாள்.

கம்பெனியிலிருந்து அவள் கொண்டுவந்திருந்த ஸ்டிக்கர் தாளிலிருந்து அம்புகளை ஒவ்வொன்றாக உரித்துக் கொடுத்தது நான்தான். அம்பு என்றால் குறை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தடுக்கவில்லை. அம்மா அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாழ்நாளில் முதல் தடவையாக, குனிந்து, ஒரு சாண் ஒரு சாணாக, விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. பதினொரு மணிக்கு உட்கார்ந்தவள் நிமிர்ந்தபோது அப்பாவின் சைக்கிள் வாசலில் நின்றது.

அப்பா உள்ளே வந்து படத்தைப் பார்த்தார். சிவப்பு அம்புகள் படம் முழுக்க இருந்தன. "என்ன கனி இது?" என்றார், மிக மெதுவாக.

"டேமேஜ் இருக்குங்க" என்றாள் அம்மா. "ரெண்டு தடவ திரும்பி வந்துச்சுல்லா. யாரும் செக் பண்ணாம அனுப்புனா வேற என்ன செய்வாவ?"

அப்பா ஓரத்தில் இருந்த ஒரு அம்பைப் பிடித்து உரித்தார். அதோடு சாயமும் பெயர்ந்து வந்தது; கீழே வெள்ளைத் துணி பல்லிளித்தது. மற்றவற்றையும் உரித்தால் படத்தில் ஒன்றும் மிஞ்சாது, மேலே பூசிக் காயவைக்க நேரமும் கிடையாது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா உரிந்த இடத்தைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது அப்போதுதான். நான் அழ ஆரம்பித்தேன்; நான்தான் எடுத்துக் கொடுத்தேன் என்று சொல்ல நினைத்தேன், சொல்ல வாய் வரவில்லை.

பிறகு அப்பா எழுந்து கட்டிலருகே வந்து, ஒரு அம்பைத் தொட்டு, "இது என்ன டேமேஜ்?" என்று கேட்டார்.

"துணியில முடிச்சு."

"இது?"

"ஷேடு. இந்த வெள்ளையும் அந்த வெள்ளையும் ஒரே வெள்ளை இல்ல. ஒரே லாட் சட்டைன்னா ஒண்ணு போலதான இருக்கணும்?" அம்மாவின் விரல் தானாக அடுத்த அம்புக்குப் போனது. "இந்தப் பொம்பள பீஸ இடது கையால திருப்புதா. அப்பம் தோளு இறங்கணும், இறங்கல. இவளுக்கு நிழலு ரெண்டு பக்கமும் விழுது, லைட்டு ஒண்ணுதான வரைஞ்சிருக்கிய. இவ ரொம்ப நேரமா நிக்கா, அப்படி நின்னா ஒரு கால மாத்தி ஊனுவோம்."

கடைசியில் அந்த நாலு பழுப்புப் பூச்சுகள் இருந்தன. நாலின் மேலும் ஒவ்வொரு அம்பு. அப்பா கேட்காமல் அவளைப் பார்த்தார்.

"மூஞ்சி விட்டுப்போச்சு" என்றாள் அம்மா.

"வேணும்னுதான் விட்டேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொன்னியளா?"

அப்பா முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். சாயம் மூக்கில் அப்பியது. "நான் போட்ட படத்த இவ்வளவு நேரம் ஒருத்தரும் பாத்ததில்ல கனி" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து என் அழுகை நின்றுபோனது. அவர் சணலை எடுத்து, அம்புகளோடேயே படத்தை அட்டையில் சுற்றிக் கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நானும் அம்மாவும் அன்று மத்தியானச் சோறு சாப்பிடவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தபால் வந்தது. படத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

கண்காட்சிக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். அம்மா கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, யாரும் தன்னைக் கவனித்துவிடக் கூடாது என்கிற மாதிரி தூணோரமாக நின்றாள். கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த அம்புகள்தான் படத்துக்கே உயிர், எப்படித் தோன்றியது உங்களுக்கு என்று விசாரித்தார். "எனக்குத் தோணலைங்க. அது என் வீட்டுக்காரி வேலை" என்றார் அப்பா. பெரியவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். அவர் நகர்ந்ததும் அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, படத்துக்குக் கீழே தன் பெயர் அச்சடித்திருந்த அட்டையில், பலகை எழுதிய அந்தப் பழைய அழகுக் கையெழுத்தில், "செக்கிங்: கனி" என்று எழுதினார். அம்மாவுக்கு வெட்கமும் கோபமும் தாங்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் பல்லடம் வருகிறவரை பேசவில்லை. பல்லடம் தாண்டியதும், படத்தைக் கோணலாக மாட்டியிருந்தார்கள் என்று சொன்னாள்.

அதற்குப் பிறகு அம்மா பாஸ் பண்ணாமல் ஒரு படமும் எங்கள் வாசலைத் தாண்டியதில்லை. அப்பா முடித்ததும் அவள் கட்டிலில் கிடத்தி அம்பு ஒட்டுவாள், இப்போது சாயம் பெயராத லேசான பசையுள்ளதாகப் பார்த்து. இரண்டு பேரும் உட்கார்ந்து வாதாடுவார்கள். சிலவற்றை அப்பா திருத்துவார், சிலவற்றை "அது அப்படித்தான்" என்று விட்டுவிடுவார், அவர் சொன்ன காரணம் அவளுக்குச் சரியாகப்பட்டால் படத்தின் பின்பக்கம் பச்சை ஸ்டிக்கர் விழும். ஒரு கையின் நிழலுக்காக எட்டு மாதம் நிறுத்தி வைத்த படமும் உண்டு. அப்பாவின் படங்கள் சென்னைக்கும் டெல்லிக்கும் போயின, சட்டைகள் போன வழியிலேயே கப்பலேறி வெளிநாட்டுக்கும் போயின. அவர் பெயரைத் தெரிந்தவர்கள் பெருகினார்கள். ஆனாலும் கண் தெளிவாக இருந்தவரை அவர் பட்டறை வேலையை விடவில்லை, பெண்களுக்கு முகமும் வைக்கவில்லை. அந்த நாலு அம்புகளைப் பற்றி அம்மாவும் மறுபடி பேசியதில்லை.

அப்பா போய் இரண்டு வருடமாகிறது. அந்த லைன் வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. பட்டறைகளில் பசையோடு மண்ணெண்ணெய் கலப்பதையும் விட்டுவிட்டார்கள். பிரிண்டிங் வேலை பார்க்கிறவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் ஒரு வாசமும் வருவதில்லை. அப்பாவின் சட்டை ஒன்றை நான் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் வருடம் அதில் கொஞ்சம் வாசம் இருந்தது.

அவர் கடைசியாகப் போட்ட படம் அம்மாவிடம் இருக்கிறது. மேசை முன்னால் ஒரே ஒரு பெண். கீழ்ப்பாதி இன்னும் வெறும் துணிதான். மேலே, பழுப்புப் பூச்சு இருக்க வேண்டிய இடத்தில், குனிந்து சட்டையைப் பார்க்கிற அம்மாவின் முகம் இருக்கிறது. அவர் வரைந்த ஒரே முகம் அது. சென்னையில் ஒரு கண்காட்சிக்கு அதைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். போன மாதம் அம்மா கண் ஆபரேஷன் முடிந்த கையோடு அதைக் கட்டிலில் கிடத்தி, இரண்டு நாள், அன்று பார்த்த மாதிரியே சாண் சாணாகப் பார்த்தாள். நான் பக்கத்தில் இரண்டு ஸ்டிக்கர் தாளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிவப்பை அவள் கேட்கவேயில்லை. பச்சையை நானாக உரித்து நீட்டினேன், அதையும் வாங்கவில்லை.

"டேமேஜ்தான் ஒண்ணும் இல்லையேம்மா. பாஸ் போட வேண்டியதுதான?" என்றேன்.

"போட்டா வண்டியில ஏத்திருவாவல்லா" என்று சொல்லிவிட்டு, அம்மா எழுந்து டியூப்லைட்டை அணைத்தாள்.