மல்லிகைக்குக் கட்டிய கண்ணாடி வீடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நாங்கள் ரங்கூனில் ரயில்வே லைன் வீட்டில் இருந்தோம். ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த மல்லிகைப் பதியன்கள் அந்த ஊர் மழையில் வேர் அழுகிச் செத்துக்கொண்டே இருந்தன. ரயில் பட்டறையில் வேலை பார்த்த என் கணவர், மிச்சமிருந்த செடிகளுக்குக் கொல்லையில் ஒரு கண்ணாடி வீடு கட்டத் தீர்மானித்தார். கழித்துப்போட்ட ரயில் ஜன்னல்களை ஏலத்தில் எடுத்தார். பக்கத்துக் குயவர் ஊரான த்வாண்டேயிலிருந்து மண்தொட்டிகள் வந்தன. சாரல் புகக் கூடாதென்று ஜன்னல்களை எல்லாம் ஆணி அடித்து மூடினார். புது வீடாயிற்றே என்று நல்ல நாள் பார்த்து, உள்ளே நான் பால் காய்ச்சினேன்.

“எந்தச் சாமிக்கு?” என்று பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி அரைகுறைத் தமிழில் கேட்டுச் சிரித்தாள்.

அது சித்திரை மாதம். ஒரே வாரத்தில் இலையெல்லாம் வெந்துபோயிற்று.

“செடிக்கு வீடு கட்டினீங்களா, அடுப்பு கட்டினீங்களா?” என்றேன்.

அவர் ஆணிகளைப் பிடுங்கினார். பிழைத்த ஒரே தொட்டியைத் தாழ்வாரத்துக்குத் தூக்கிப்போனார்.

மழை பிடித்ததும், காலியாய்க் கிடந்த கண்ணாடி வீட்டுக்குள் நான் துணிக்கொடி கட்டினேன். சிரித்தவளும் தன் ஈர லுங்கிகளோடு வந்தாள். மழை விடும்போதெல்லாம் அவர்தான் போய் ஜன்னல்களைத் திறந்துவிடுவார். தெருவெல்லாம் துணி பூஞ்சை நாறிய மாதங்களில் எங்கள் இரண்டு வீட்டுத் துணியில் மட்டும் வெயில் வாசம் அடித்தது.

அவர் போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. இப்போதிருக்கும் வீட்டில் கொல்லை கிடையாது. ஆனாலும் மழை நாளில் ஈரத் துணியோடு பின்கதவு வரை போய்விடுகிறேன்.