பெயர் வந்ததும் பிடுங்கினேன்

பிள்ளைகளே, அம்மாவுக்குத் தூரத்துத் தீவில் இருக்கும் கேம்ப்பல் பே ஆஸ்பத்திரிக்கு மாற்றலான சமயத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அது என் மனதில் எப்படிக் கிடக்கிறது என்பது தெரியாது.

அங்கே நெட் சரியாகக் கிடைக்காது. அதனால் சின்னவளே, உங்கள் அம்மாவைப் பார்க்கக் கிளம்பும் முதலையைப் பற்றி நீயாகக் கட்டிய கதையை அம்மாவுக்காக ஃபோனில் பேசிப் பதிந்தாய். பெரியவளே, நீ அப்போதுதான் காலேஜில் ஃபைல் காப்பி செய்யும் புரோகிராம் எழுதப் பழகியிருந்தாய். கதை அந்தப் புரோகிராமிலேதான் காப்பியாகணும் என்று, கப்பலில் அனுப்பவேண்டிய பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் சொருகினாய்.

"ஒரு குழாயில படிக்கும், இன்னொரு குழாயில எழுதும், நடுவுல வாளி. நாம தண்ணி பிடிக்கிற மாதிரிதான்ப்பா. கடைசி வாளியும் ஊத்தி, குழாயை மூடுற வரைக்கும் தொடாதீங்க."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாய்.

எனக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் வந்து நிற்கும் கப்பல்களுக்குக் கயிறு கட்டி அவிழ்க்கிற வேலை. கடைசி ஆள் படியேறியதும் அவிழ்த்துவிடுவோம். உள்ளே போய் உட்கார்ந்தாரா என்று யார் பார்த்தது? அதே புத்திதான். பென் டிரைவில் ஃபைலின் பெயர் தெரிந்தது. ஏறியாகிவிட்டது என்று பிடுங்கிக்கொண்டு, மரைன் ஹில் இறக்கத்தில் ஜெட்டிக்கு ஓடினேன். அம்மாவோடு வேலை செய்கிற நர்ஸ் கப்பலிலிருந்து, "பாயி, ஜல்தி! படியைத் தூக்குறாங்க!" என்று கையை நீட்டினாள். கொடுத்தேன்.

கப்பல் நகர்ந்த பிறகு, பெரியவளே, உன் ஃபோன்.

"எடுத்துட்டீங்களாப்பா?"

"பேரு வந்துடுச்சேம்மா."

"எழுதுற குழாயைத் திறந்ததுமே பேரு வந்துடும்ப்பா. தண்ணி அப்புறம்தான்."

கப்பல் போய்ச் சேர்ந்ததும் அங்கே அம்மா, கூட வேலை செய்கிறவர்களையெல்லாம் கூட்டி உட்காரவைத்துக் கேட்டிருக்கிறாள். பிறகு ஃபோனில் கூப்பிட்டாள்.

"முதலை கப்பல்ல ஏறி ஜன்னல் சீட்டு கேட்டுச்சு. அதோட சத்தமே இல்லடி. அம்மாகிட்ட வந்துச்சா, இல்லியா?"

"ஃபோன்ல சொல்ல மாட்டேன். கதையிலதான் வரும்," என்றாய் சின்னவளே. "அப்பாவைத் திட்டாதம்மா, பாவம், கம்ப்யூட்டர் தெரியாது."

"கயிறு அவிழ்க்க மட்டும் நல்லாத் தெரியும்," என்று அம்மா சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். யாராவது ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கடல் சரியில்லாமல் அடுத்த கப்பல் தள்ளிக்கொண்டே போயிற்று. "அம்மா இன்னும் முடிவு கேக்கலல்லப்பா?" என்று சின்னவளே, நீ கேட்கும்போதெல்லாம் ஜெட்டிக்குப் போய், கப்பல் எப்போது என்று விசாரித்துவிட்டு வருவேன்.

கடைசியில் கப்பல் வந்தது. பெரியவளே, ஃபோனிலும் சொருகக்கூடிய வேறொரு பென் டிரைவில் நீ மறுபடி காப்பி செய்து, நீயே குழாயை மூடி, என் கையில் தந்தாய். கப்பலில் கொடுப்பதற்கு முன், ஜெட்டியில் கயிற்றுக் குவியல்மேல் தனியாக உட்கார்ந்து, பென் டிரைவை என் ஃபோனில் சொருகி, முதலை அம்மாவிடம் போய்ச் சேரும்வரை கேட்டேன்.