கண் மூடப் பயந்தேன்

எழுபதுகளில் நான் மாமல்லபுரத்திலிருந்து பஸ்ஸில் மீன் கூடையைக் கொண்டுபோய்ச் செங்கல்பட்டுச் சந்தையில் விற்றுவந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவேன். ஒருநாள் அப்படித் தூங்கி விழித்தபோது கையும் காலும் அசையவில்லை.

"செத்துட்டாளா இன்னா?" என்று பக்கத்துக் கடைக்காரி கேட்டது காதில் விழுந்தது. கத்த நினைத்தேன், குரல் வரவில்லை.

பேய் பிடித்திருக்கிறது என்றார்கள் ஊரில். என் வீட்டுக்காரர் அதை நம்பாமல் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே தலையெல்லாம் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள்.

"கரண்டு வெப்பீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. உன் மூளையில ஓடுறத இந்த மெஷின் காகிதத்துல வரையும். நீ தூங்கினா போதும்," என்றார் டாக்டரம்மா.

மறுபடியும் அசையாமல் கிடப்பேனோ என்று கண்ணை மூடவே பயந்தேன். ஆனாலும் தூங்கிவிட்டேன். விழித்தபோது வீட்டுக்காரர் என் பாதத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தூங்கின உடனே கனவு காணுற தூக்கத்துக்குப் போயிடுறே. அப்போ உடம்பு அசையாது, முழிச்ச பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நிக்கும். இது வியாதிதான், பேய் இல்ல," என்றார் டாக்டரம்மா.

"மருந்து கீதா?" என்றார் வீட்டுக்காரர்.

"மாத்திரை சாப்பிட்டா கொறையும். முழுசா போகாது."

மாத்திரை சாப்பிட்டுச் சந்தைக்குத் திரும்பினேன். பிறகு மகள் பிறந்தாள். பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால்தான் அவளைத் தூக்கிப் பால் கொடுப்பேன்.