நாற்பத்தோராம் பக்கம்

சரித்திர நாவலில் சண்டை வந்தால் பத்துப் பக்கம் தள்ளிப் போய்விடுவேன். யார் ஜெயித்தார்கள் என்பது எப்படியும் அடுத்த அத்தியாயத்தில் தெரிந்துவிடும். பேய்க்கதை படித்தால் பயம் வராது. இத்தனைக்குப் பிறகும் அந்த வீட்டைக் காலி பண்ணாமல் இருக்கிறார்களே என்று எரிச்சல்தான் வரும். முன்னேற்ற நூல்களுக்கும் எனக்கும் ஒத்தே வராது. விடியற்காலையில் எழுந்திரு என்று எவராவது அதட்டினால் இன்னும் அரை மணி நேரம் தூங்கத் தோன்றும். குடும்பக் கதை என்றால் முதல் அத்தியாயத்திலேயே முந்தானை நனைந்துவிடும். இதையெல்லாம் யார் கேட்டாலும் கூசாமல் சொல்வேன். துப்பறியும் நாவல் பிடிக்கும் என்பதை மட்டும் இருபது வருஷமாக மறைத்தே வைத்திருந்தேன். அதனால் நஷ்டப்பட்டது நானில்லை, என் அண்ணன்.

அண்ணனுக்கு ரிக் வண்டியில் வேலை. திருச்செங்கோட்டுப் பக்கம் இது சாதாரணம். போர்வெல் போட வடக்கே போனால் மழைக்காலத்தில்தான் வீடு திரும்புவார். அவர் ஓட்டியது, துளை போடும் ரிக்குக்குக் காற்றழுத்தம் கொடுக்கும் கம்ப்ரசர் லாரி. இருபதடி ராடு ஒன்று பாறைக்குள் இறங்கி, அடுத்ததை மாட்டும் வரை அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் காத்திருக்க வேண்டும். அதற்குள் நாலு பக்கம் படித்துவிடுவார். ஊரை விட்டுக் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு கடையில் மாத நாவல்களைக் கட்டுக் கட்டாக வாங்கிப் போவார்.

"ஐநூறு அடிக்கு ஒரு கொலைகாரன் சிக்கறானம்மிணி" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வரும். படித்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்துவார். "சொல்லு பாக்கலாம், யாரு?" நான் ஒரு பெயர் சொல்வேன். சரியா தப்பா என்று அடுத்த ஞாயிறுதான் தெரியும். பெரும்பாலும் தப்புதான். அது எப்படித் தப்பாகும் என்று போனிலேயே சண்டை பிடிப்பேன். அந்தச் சண்டைக்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

பிறகு சேலத்தில் எம்.ஏ. தமிழ் சேர்ந்தேன். தலைகால் புரியவில்லை. ஒரு ஞாயிறு, விடுதித் தோழிகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அண்ணன் கதையை ஆரம்பித்தார்.

"ஏனுங்கண்ணா, இந்தக் குப்பையெல்லாம் இன்னும் எத்தன நாளைக்குப் படிப்பீங்க?" என்று கேட்டேன். தோழிகளுக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகக் கேட்டேன்.

கம்ப்ரசர் இரைச்சலுக்கு நடுவே அண்ணன் குரல் வந்தது. "செரியம்மிணி. நல்ல பொஸ்தகமா நீயே ஒண்ணு குடு" என்றார்.

மழைக்கு ஊர் வந்தபோது கொடுத்தேன். எழுநூறு பக்க நாவல். வறண்டு போன ஒரு கிராமம்; முதல் நூறு பக்கத்தில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் நானே அதை முடித்திருக்கவில்லை. வகுப்பில் நாலு வார்த்தை பேசுகிற அளவுக்குத்தான் படித்திருந்தேன். அண்ணன் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "ஏழு போர்வெல் ஆழமிருக்குமாட்டம்" என்று சிரித்தார்.

இரண்டு மழைக்காலம் கழித்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். முதல் பக்கம் கிரீஸ் விரல்பட்டுக் கறுத்திருந்தது. போகப் போகக் கறை குறைந்து, நாற்பத்தோராம் பக்கத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் கடையில் வாங்கிய வெள்ளை அப்படியே இருந்தது.

"ஒவ்வொரு வாட்டியும் மொதல்ல இருந்துதான் படிச்சுப் பாத்தனம்மிணி. மண்டைல ஏறல. எனக்குப் படிக்கவே தெரியாதாட்டம் இருக்குது."

எனக்கும் ஏறவில்லை அண்ணா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். சொல்லவில்லை. "பரவாயில்லீங்கண்ணா, பழகப் பழக வரும்" என்றேன். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அந்தத் தடவை வடக்கே கிளம்பும்போது அவர் பையில் ஒரு மாத நாவல்கூட இல்லை. அதற்குப் பிறகு எப்போதுமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மழை பெய்ததா, சாப்பிட்டாயா என்பதோடு போன் முடிந்தது.

இப்போது வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறார். கம்ப்ரசர் சத்தம் காதைத் தின்றுவிட்டது. இடது காது மட்டும் கொஞ்சம் கேட்கும். போனில் பேச முடியாது. டிவிக்கு முன்னால் உட்கார்ந்து அடியில் ஓடும் செய்தி வரிகளை வாசித்துக்கொண்டே பகலைக் கழிக்கிறார். படிப்பதற்கென்றே அமைந்த வயது அவருக்கு இப்போதுதான்.

போன மாதம் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு துப்பறியும் நாவல் வாங்கினேன். அண்ணன் வீடு போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸிலேயே முடித்துவிட்டேன். எத்தனை சுகமாக இருந்தது! அவருடைய இடது பக்கம் உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி கதையைச் சொன்னேன். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்தினேன்.

"சொல்லுங்கண்ணா, யாரு?"

"நீ படிச்சவ அம்மிணி. உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுது?"

அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "அந்தப் பெரிய பொஸ்தகத்த நானும் முடிக்கலீங்கண்ணா. இன்னைக்கு வரைக்கும் முடிக்கல" என்றேன். நன்றாகவே கேட்டது அவருக்கு.

"எனக்கோசரம் பொய் சொல்லாத அம்மிணி" என்று சிரித்துக்கொண்டே என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, டிவி பக்கம் திரும்பினார். கொலைகாரன் யாரென்று அவர் கேட்கவே இல்லை.